மேஷம் எங்கே தொடங்குகிறது?
(சேலத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2023ஆம் ஆண்டில் சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது. எந்த நாளில்? இக்கால வானியல் கணக்கில் அமைந்த திருக்கணிதப் பஞ்சாங்கம் ஜனவரி 17 என்றது. பழைய மரபுக் கணக்கில் அமைந்த வாக்கியப் பஞ்சாங்கம் டிசம்பர் 20 என்றது. சனிக்குப் பேர்போன திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. அதனால் அங்கே சனிப்பெயர்ச்சி விழா டிசம்பர் 20இல்தான் நடந்தது. 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போவதாகத் திருக்கணிதம் சொன்னபோது, எங்கள் கோயிலில் அன்று பெயர்ச்சி கிடையாது, வாக்கியப்படி அடுத்த ஆண்டுதான் என்று திருநள்ளாற்று நிர்வாகம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருந்தது. தனுசு ராசிக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு பஞ்சாங்கப்படி அவருடைய ஏழரைச் சனி பொங்கல் முடிந்ததும் தீர்ந்துவிட்டது. இன்னொன்றின்படி மார்கழி பிறந்த பிறகும் நீடித்தது. பதினொரு மாத காலம் அவர் எள் விளக்கு ஏற்றுவதா, நிறுத்துவதா?

இந்தக் குழப்பத்துக்கு ஒரே விடை சொல்பவர்களை நம்பாதீர்கள். இதில் மூன்று கேள்விகள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. ராசிச் சக்கரத்தின் முதல் பாகை வானத்தில் எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. அந்தச் சக்கரத்தில் இன்று கிரகம் எங்கே நிற்கிறது என்பது இரண்டாவது. எந்தக் கிரகம் நிற்கும் இடத்தை ‘உன் ராசி’ என்கிறோம் என்பது மூன்றாவது. என் உரை பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றியது. மற்ற இரண்டையும் அதிலிருந்து பிரித்துக் காட்டுவதும் என் கடமை.

ஜோதிடப் பலன் பலிக்குமா என்று கேட்பீர்கள். வானியலாளர் ஜெயந்த் நாரளீகரும் உடன் உழைத்தவர்களும் புனேயில் ஒரு சோதனை நடத்தி 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 27 ஜோதிடர்களிடம் ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, இது படிப்பில் சிறந்த பிள்ளையின் ஜாதகமா, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் ஜாதகமா என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வந்திருக்கும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ராசிச் சக்கரம் மனிதர் செய்த பழைய அளவுகருவிகளுள் ஒன்று, மிக அழகானது. பலனை ஏற்காதவருக்கும் அது சொத்துதான்.

ராசி என்றதும் ஆடு, எருது, நண்டு என்ற உருவங்கள் நினைவுக்கு வருகின்றன. வானத்தில் அந்த விண்மீன் கூட்டங்கள் ஒரே அளவில் இல்லை. அனைத்துலக வானியல் ஒன்றியம் 1930இல் வெளியிட்ட எல்லைகளின்படி, கதிரவன் கன்னிக் கூட்டத்தைக் கடக்க ஏறத்தாழ 45 நாள் ஆகிறது. விருச்சிகத்தை ஒரே வாரத்தில் கடந்துவிடுகிறது. நடுவில் பாம்பேந்தி என்ற பதின்மூன்றாவது கூட்டத்துக்குள்ளும் போய்வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘உங்கள் ராசி மாறிவிட்டது’ என்று செய்தி வருவது இதை வைத்துத்தான். அது வீண் பரபரப்பு. உலகில் பெயர்பெற்ற எந்த ஜோதிட மரபும் அந்தச் சமமற்ற கூட்டங்களைக் கொண்டு கணக்குப் போட்டதில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டுவாக்கில் பாபிலோனியர் கதிரவனின் பாதையைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கி, பங்குக்கு 30 பாகை என்று வைத்தார்கள். அன்றிலிருந்து ராசி என்பது படம் அல்ல, பாகைக் கணக்கு.

பாகைக் கணக்கென்றால் சுழியம் எங்கே என்று சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்து வரலாற்றிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1792இல் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீட் இங்கே நிலம் அளக்கத் தொடங்கினார். தாமஸ் மன்றோ அவரிடம் உதவியாளராக இருந்தார். எத்தனை சங்கிலி என்று மட்டும் எழுதி, எந்தக் கல்லிலிருந்து பிடித்த சங்கிலி என்று எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் புலக்கணக்கு யாருக்கு உதவியிருக்கும்? ராசிச் சக்கரத்துக்கு மனிதர் இரண்டு வகை எல்லைக்கல் நட்டார்கள்.

ஒன்று, பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதப் புள்ளி. கதிரவன் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே ஏறும் அந்த இடத்தை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்வது சாயன முறை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி இதை உறுதியாக நிலைநிறுத்தினார். மேல்நாட்டு ஜோதிடம் இன்றும் இந்தக் கல்லைத்தான் பிடித்திருக்கிறது. மற்றொன்று, நகராத விண்மீன்களை வைத்து நடும் கல். இது நிரயன முறை. நம் பஞ்சாங்கங்கள் அனைத்தும் இதன் வழியில் வந்தவை.

இரண்டும் ஏன் விலகுகின்றன? பூமியின் அச்சு மெல்லச் சுற்றுவதால் சமநாள் புள்ளி விண்மீன்களின் ஊடே ஆண்டுக்கு ஏறக்குறைய 50 விகலை பின்னோக்கி நகர்கிறது. 72 ஆண்டில் ஒரு பாகை. முழுச் சுற்றுக்கு 26,000 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இதை முதலில் கண்டுபிடித்தவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டு கிரேக்கர் ஹிப்பார்க்கஸ். அவர் கண்டுகொண்டது எந்த விண்மீனை வைத்துத் தெரியுமா? நம் சித்திரை. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னர் திமோகாரிஸ் அளந்தபோது சித்திரை மீன் இலையுதிர்காலச் சமநாள் புள்ளியிலிருந்து 8 பாகை தள்ளி இருந்தது. ஹிப்பார்க்கஸ் தம் காலத்தில் 6 பாகைதான் இருக்கக் கண்டார். ஒரு மனிதர் வாழ்நாளில் காண முடியாத நகர்வை, முன்னோர் எழுதிவைத்த ஓர் அளவு காட்டிக்கொடுத்தது.

இரண்டு கற்களும் ஒரே இடத்தில் நின்ற காலம் ஒன்று உண்டு. அது கி.பி. 285 என்பது ஒரு கணக்கு, 499 என்பது சூரிய சித்தாந்த வழி வருவது. மேஷத்தை முதலாகக் கொள்வது தமிழிலும் பழைய வழக்கு: நெடுநல்வாடையில் ஆடு முதலாகக் கதிரவன் இயங்கும் வீடுகள் பேசப்படுகின்றன என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிவீர்கள். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதியபோது, கதிரவன் வடக்கும் தெற்கும் திரும்பும் அயனங்கள் முன்னர் வேறிடத்தில் தொடங்கின, இப்போது கடகத்திலும் மகரத்திலும் தொடங்குகின்றன என்று பிருகத் சம்ஹிதையில் குறித்தார். ஐயமிருந்தால் நிழலை அளந்து பார் என்றும் சொன்னார். எனக்கு அந்தச் சொல்மேல் பெரும் மதிப்பு. நூலில் இருப்பதைவிட நிழலில் இருப்பதற்கு அவர் முதலிடம் கொடுத்தார்.

பிறகு விலகல் வளர்ந்தது. 285 என்ற கணக்கைக் கொண்டால், நாமக்கல் மலையில் அதியர் குடைவரைகளைச் செதுக்கிய 8ஆம் நூற்றாண்டில் அது சுமார் 7 பாகை. ரீட் இங்கே வந்த 1792இல் 21. இன்று 24 பாகையைத் தாண்டிவிட்டது. அதனால்தான் ஏப்ரல் 5இல் பிறந்தவருக்கு மேல்நாட்டு முறையில் கதிரவன் மேஷத்தில். நம் முறையில் மீனத்தில், அதாவது பங்குனியில்.

வராகமிகிரர் சொன்ன நிழல் சோதனையைச் செய்ய நம் சமவெளியைப் போல வாய்த்த இடம் குறைவு. சாயன ரிஷபத்தின் முதல் பாகையில் கதிரவன் நிற்கும்போது அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகை 28 கலையில் இருக்கும். ராசிபுரம் ஏறத்தாழ அதே அட்சரேகையில் இருக்கிறது. அதாவது ஏப்ரல் 20ஐ ஒட்டி, கதிரவன் சாயன ரிஷபத்துக்குள் நுழையும் நாளில், ராசிபுரத்தில் நேர் உச்சிவேளையில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழல் இராது. ஆகஸ்ட் 22ஐ ஒட்டிச் சாயனக் கன்னிக்குள் நுழையும் நாளில் மறுபடியும் அப்படியே. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒரு நாள் முன்பின் இருக்கும். ராசிச் சக்கரத்தின் இரண்டு எல்லைக்கற்கள் வெறும் கோலில் புலப்படும் ஊர் நம் ஊர். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நிரயனக் கல்லையும் கண்ணால் காணலாம். சித்திரை முதல் நாள் மாலை கதிரவன் மேற்கே இறங்கும்போது சித்திரை மீன் கிழக்கே எழும். இரண்டுக்கும் இடையே 180 பாகை. சேந்தமங்கலத்தில் நின்றால் கொல்லிமலை மறைப்பதால் சற்றுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சித்திரா பௌர்ணமி நிலவு அந்த மீனை ஒட்டி வருவதும் இதே கணக்குதான்.

சரி, இதில் எது சரியான சக்கரம்? என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே சரியான அளவைகள். ஒன்று வெயிலையும் மழையையும் அளக்கிறது, மற்றொன்று விண்மீனை அளக்கிறது. ஒன்றன் எண்ணை எடுத்து மற்றொன்றன் வேலைக்கு வைப்பதுதான் தவறு. நாம் அந்தத் தவறைப் பரவலாகச் செய்கிறோம்.

ஆடிப்பெருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரிலும் பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் ஆடி 18 அன்று காவிரிக்குப் படையல் போடுகிறோம். ஆடி பிறப்பது நிரயனக் கடகத்தில் கதிரவன் நுழைவதைக் கொண்டு. காவிரியில் வெள்ளம் வருவதோ தென்மேற்குப் பருவமழையால். பருவமழை சாயனக் கதிரவனைத்தான் பின்தொடர்கிறது. தமிழ் ஆண்டு பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளம். 60 ஆண்டுக்கு ஒரு நாள் நழுவுகிறது. முதலாம் இராசராசன் காலத்து ஆடி 18, பருவக் கணக்கில் இன்றைய ஜூலை 17ஐ ஒட்டிய நாள். இன்று ஆகஸ்ட் 2 அல்லது 3. இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து ஆகஸ்ட் நடுப்பகுதியைத் தாண்டிவிடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழிப்படி விதைத்த நம் மானாவாரி விவசாயி மழையைப் பார்த்துத்தான் விதைத்தார். மாதத்தின் பெயர் அவருக்கு ஓர் அடையாளம். அந்தப் பழமொழிக்கு மாதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பேரன்மார் எதிர்காலத்தில் ஏமாறுவார்கள். தை முதல் நாளை உத்தராயணப் பிறப்பென்கிறோம். கதிரவன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22லேயே நடந்து முடிகிறது.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பாருங்கள். இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலியார் திருப்பணி. மேற்கு நோக்கிய கோயில். மாசி மாதத்தில் சில நாள் மாலை வெயில் கருவறைவரை சென்று இலிங்கத்தின் மேல் படும் என்பது இப்பகுதியில் எல்லோரும் சொல்வது. வாயிலும் கருவறையும் நகர்வதில்லை. அந்த வெயில் கதிரவனின் சாய்வைப் பொறுத்தது, அதாவது சாயனப் பாகையைப் பொறுத்தது. அதை மாசித் தேதியாக எழுதிவைத்தால் நானூறு ஆண்டில் ஆறேழு நாள் பிசகும். சாயனப் பாகையாக எழுதினால் பிசகாது. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. அதே சாய்வுக்குக் கதிரவன் ஐப்பசியை ஒட்டி மறுபடியும் வருகிறது. அப்போது வடகிழக்குப் பருவமழை மேகம் நிற்பதால் ஊரார் கண்ணில் அது படாமல் போயிருக்கலாம். மேகமில்லாத ஓர் ஐப்பசி மாலையில் போய் நின்று பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அரசாங்கமும் தொட்டது. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. நி. ச. லாகிரி அதன் செயலர். 1955இல் அறிக்கை வந்தது. தேசிய நாள்காட்டியைச் சாயன ஆண்டில் நிறுத்தினார்கள். அது 1957 மார்ச் 22 முதல் நடப்புக்கு வந்தது. பஞ்சாங்கங்களுக்காகச் சித்திரை மீனைச் சரியாக எதிர்ப்புள்ளியாகக் கொண்டு, 1956 மார்ச் 21 அன்று இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 23 பாகை 15 கலை என்று வரையறுத்தார்கள். அந்த இடைவெளியை அங்கேயே உறைய வைத்து மாதங்கள் இனிப் பருவத்திலிருந்து நழுவாமல் தடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அது நடைமுறையில் நிலைக்கவில்லை. அயனாம்சம் எனப்படும் அந்த இடைவெளி ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போகிறது. அவர்கள் நட்ட சித்திரைக் கல் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று கணினியில் போடும் ஜாதகங்களில் பெரும்பாலானவை லாகிரி அயனாம்சம்தான்.

அதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். பெங்களூரின் பி. வி. ராமன் இரு சக்கரமும் பொருந்திய ஆண்டு 397 என்றார். திருவையாற்றில் பிறந்து கே.பி. முறையை உருவாக்கிய கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி 291 என்றார். சிறு வேறுபாடுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை. சுக்கிர திசை 20 ஆண்டு. அதில் மீதம் எவ்வளவு என்பதைச் சந்திரன் நட்சத்திரத்தில் நிற்கும் இடம் சொல்லும். ஆகச் சந்திரன் ஒரு பாகை மாறினால் திசை இருப்பு ஒன்றரை ஆண்டு மாறும். லாகிரிக்கும் ராமனுக்கும் இடைவெளி சுமார் 1 பாகை 27 கலை. அந்த வேறுபாட்டில் சுக்கிர திசை இரண்டு ஆண்டுக்கும் மேல் முன்பின் ஆகிவிடும். லாகிரிக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் ஆறு கலைதான். அதுவே ஏறக்குறைய இரண்டு மாதம். பெண் வீட்டு ஜாதகம் ஓர் அயனாம்சத்திலும் மாப்பிள்ளை வீட்டு ஜாதகம் வேறொன்றிலும் போட்டிருந்தால், திசாசந்தி பார்த்து ஒரு சம்பந்தத்தை வேண்டாமென்பது என்ன நியாயம்? நட்சத்திரத்தின் விளிம்பில் பிறந்த பிள்ளைக்கு நட்சத்திரமே மாறலாம். நம் பக்கத்தில் நல்ல வரன்கள் இப்படித் தள்ளிப்போவது எனக்கு மனவருத்தம் தரும் செய்தி.

இனி இரண்டாவது கேள்வி. சனிப்பெயர்ச்சியின் பதினொரு மாதத்துக்கு அயனாம்சம் காரணமென்று பலர் பேசுகிறார்கள். அது பொருந்தாது. 2023 டிசம்பர் 20 அன்று, லாகிரிக் கணக்கில் சனி கும்பத்தில் எட்டுப் பாகையை ஒட்டி நின்றது. வாக்கியத்தில் அன்றுதான் நுழைகிறது. எட்டுப் பாகை வேறுபாடு எல்லைக்கல்லால் வரவில்லை, சனியின் வேகத்தைப் பற்றிய பழைய எண்களால் வந்தது. குருவும் சனியும் ஒன்றையொன்று இழுப்பதால் வரும் நீண்டகால மாற்றத்தைப் பழைய சித்தாந்தங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நூற்றாண்டுகளாகத் திருத்தாமல் விட்ட பிழை சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சனி மெல்ல நகரும் கிரகம், நடுவே வக்கிரமும் அடையும். எனவே சில பாகைப் பிழை மாதக்கணக்கில் விரிகிறது. கிரகம் வானில் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு இன்று திருக்கணிதமே விடை.

இப்படிச் சொன்னதால் வாக்கியத்தை நான் இளக்காரம் செய்வதாக எண்ண வேண்டாம். 248 நாளில் சந்திரன் தன் வேக ஒழுங்கில் ஒன்பது சுற்று முடித்து ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த 248 நாளுக்கும் 248 வாக்கியம். எழுத்துகளையே எண்களாகக் கொண்ட கடபயாதி முறையில் ஒவ்வொன்றும் சந்திரனின் இடத்தைச் சொல்லும். மனப்பாடம் செய்தவருக்கு ஏடு வேண்டாம். 1768 முதல் 1770 வரை புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி, தமிழ்க் கணக்கர்கள் சோழி பரப்பிக் கிரகணம் கணிப்பதைக் கண்டு அந்த முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திரகிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயர் அட்டவணை 68 விநாடி மிகுந்தது. 1825இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ நூலை வெளியிட்ட ஜான் வாரனுக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அதே ஆண்டின் சந்திரகிரகணத்தைச் சோழியும் நினைவாற்றலும் கொண்டு கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே அவர்களுக்கு மரியாதை. 1952இல் ஓட்டோ நியூகபவர் ‘தமிழ் வானியல்’ என்று தலைப்பிட்டே இதைப் பற்றி எழுதினார்.

வாக்கியத்துக்கு இன்றும் மாற்றில்லாத ஒரு வேலை உண்டு. நம் கோயில் கல்வெட்டுகள் மேஷ நாயிறு, மகர நாயிறு என்று கதிரவன் நின்ற ராசியால் மாதம் சொல்லி, திதி, கிழமை, நட்சத்திரம் சேர்த்து நாளைக் குறிக்கின்றன. அவற்றை இன்றைய துல்லியக் கணக்கால் சரிபார்த்தால் சில நாள் பொருந்தாமல் போகும். கல்வெட்டைப் பொறித்தவர் பார்த்த பஞ்சாங்கம் பழைய சித்தாந்தப்படி கணித்தது. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ தொகுதிகள் அந்தப் பழைய கணக்கை விரித்துக் கொடுத்ததால்தான் தென்னாட்டு வரலாற்றில் எத்தனையோ மன்னர்களின் ஆண்டு தெளிவானது. இரண்டு கணக்கையும் அருகருகே வைக்கவும் வழி உண்டு: யாழ்ப்பாணத்தில் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கியப்படி இன்ன நேரம், திருக்கணிதப்படி இன்ன நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். அது நேர்மையான வழக்கம். நம் நாளிதழ்களும் அதைக் கைக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி சிறியது. ‘என்ன ராசி?’ என்று நாம் கேட்பது பிறந்தபோது சந்திரன் நின்ற வீட்டை. மேல்நாட்டார் கேட்பது கதிரவன் நின்ற வீட்டை. 1930 ஆகஸ்டில் இளவரசி மார்கரெட் பிறந்ததை ஒட்டி இலண்டன் இதழொன்றில் ஆர். எச். நெய்லர் எழுதிய பலன் பெயர் பெற்றது. கதிரவன் ராசியை வைத்து எழுதும் இதழ்ப் பலன்கள் அதன் பின்தான் பெருகின. சீனத்து எலி, எருது, புலி என்னும் பன்னிரண்டோ ஆண்டுகளுக்கு இட்ட பெயர். வானத்துப் பாகையோடு நேரடித் தொடர்பில்லை. ஆங்கிலச் செயலியில் பிறந்த தேதியைப் போட்டு ‘எனக்கு ரிஷபம்’ என்று சொல்லும் பிள்ளையும், அதே பிள்ளைக்குத் துலாம் என்று சொல்லும் பாட்டியும் சண்டையிட வேண்டியதில்லை. இருவரும் வெவ்வேறு பொருளை வெவ்வேறு கல்லிலிருந்து அளந்திருக்கிறார்கள்.

ஜோதிடர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாதகத்தின் முதல் பக்கத்தில், எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம், எத்தனை பாகை கலை என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாத ஜாதகத்தை இன்னொரு ஜாதகத்தோடு பொருத்திப் பார்க்க மறுத்துவிடுங்கள்.

மாணவர்களுக்கு மற்றொன்று. நம் வீடுகளில் பரணிலும் பெட்டியிலும் தாத்தா காலத்துப் பஞ்சாங்கங்கள், பாம்புப் படம் போட்ட வாக்கியமும் திருக்கணிதமும், ஓலை ஜாதகங்களோடு கலந்து கிடக்கின்றன. வீடு மாற்றும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் அந்த ஆண்டில் நம்மவர் வானத்தை எப்படி அளந்தார்கள் என்பதற்குச் சான்று. கேட்டு வாங்குங்கள். தனிப்பட்ட ஜாதகங்களைக் குடும்பத்தார் ஒப்புதலின்றித் தொடாதீர்கள். பஞ்சாங்கங்களை நிழற்படி எடுத்து, சனியும் குருவும் அதில் எந்த நாளில் பெயர்ந்தன என்று ஆண்டுவாரியாக எழுதுங்கள். கிடைக்கும் அட்டவணை இந்தக் கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். அதைத் தொடங்குபவர்கள் என்னிடம் உள்ள பஞ்சாங்கங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.